சொட்டிய இடமும் கசிந்த இடமும்: ஒரு நன்றி மடல்

எங்கள் குடியிருப்பு நண்பர்களுக்கும், பட்டறைத் தம்பிக்கும், ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடைக்காரருக்கும் வணக்கம்.

என் காரின் ஆயில் ஒழுகல் நின்றுவிட்டது. லிஃப்டிலும் மாடிப்படியிலும் "இன்னும் ஒழுகுதா?" என்று விசாரித்த அத்தனை பேருக்கும் முதலில் இந்தச் செய்தி. தனித்தனியாக நன்றி சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன். அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என்னுடையது 12 வருஷத்துப் பழைய பெட்ரோல் கார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டியது. ஒரு சர்வீஸ் சென்டரில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிராங்க் பேக் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். 18,000 ரூபாய் எஸ்டிமேட். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் பக்கம் வெளியே வரும் இடத்தில்தான் அந்த ரப்பர் சீல் இருக்கிறது. அது தேய்ந்தால் ஆயில் அங்கேதான் இறங்கும். ஆனால் எஞ்சினின் மேல்பக்கத்தில் கசிந்தாலும் அதுவும் வழிந்து அங்கேயே வந்து சேரலாம். இதை எனக்குப் புரியவைத்தவர் ஏ பிளாக்கில் இருக்கும் ஐயா. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும்.

அவருக்கு முன்னால் வாட்ச்மேன் அண்ணனைச் சொல்ல வேண்டும். யாரோ வாங்கிய ஃபிரிட்ஜின் அட்டைப்பெட்டியைப் பிரித்து என் காருக்கு அடியில் விரித்தவர் அவர். அதோடு விடாமல், சக்கரம் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார். தினமும் அதே கோட்டில் நிறுத்தியதால் சொட்டு விழும் இடம் மாறவில்லை என்பது உறுதியானது. ஓடிவிட்டு வந்து நிறுத்திய முதல் ஒரு மணி நேரத்தில்தான் சொட்டுகிறது, ராத்திரி முழுக்க நின்றாலும் பெரிதாகக் கூடுவதில்லை என்பதையும் அவர்தான் கவனித்துச் சொன்னார். ஐயா அதைக் கேட்டதும், "அப்படின்னா ஓடும்போது கசியற ஆயில்தான் வழிஞ்சு வருது" என்றார்.

ஐயா செய்த முதல் வேலை மோந்து பார்த்தது. அட்டையிலிருந்த ஆயிலை விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனார். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் இருக்கும், இது எஞ்சின் ஆயில்தான் என்று முடிவு சொன்னார். அடுத்து, "கழுவாம கண்டுபிடிக்க முடியாதும்மா" என்றார். அழுக்கும் ஆயிலும் சேர்ந்து பிசுக்கு ஏறிய எஞ்சினில் புதுக் கசிவு எது, பழைய கறை எது என்று யாருக்கும் தெரியாதாம். வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோக அவர் விடவில்லை. ஆறிய எஞ்சினில், ஆல்டர்நேட்டர்மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டிவிட்டு, டீசல் தொட்ட பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். பனியன் வேஸ்ட்டால் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு, சந்தேகப்பட்ட இடங்களில் முகப்பவுடரைத் தூவச் சொன்னார். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஆயில் வந்த வழியில் பவுடர் கறுத்திருக்கும். ஆயில் ஃபில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச் இரண்டின் பக்கமும் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. கியர்பாக்ஸ் பக்கம் ஒரு கோடு கறுத்திருந்தது. அதன் மேல்முனை குழாய்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

இதற்கு நடுவில் தெருமுனைப் பட்டறைத் தம்பி செய்தது சின்ன வேலை. என் 18,000 ரூபாயைக் காப்பாற்றியது அதுதான். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறிய தகட்டு மூடி உண்டு. அதைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னான். உள்ளே தூசிதான் இருந்தது, ஈரமே இல்லை. "பேக் சீல் போயிருந்தா உள்ளதான்கா முதல்ல நனைஞ்சிருக்கும். இது வெளியிலேர்ந்து வழியுது." அதற்குக் காசு வாங்கவில்லை. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

ஜி.பி. ரோடு கடைக்காரரைப் பற்றி. நான் கேட்டுப் போனது பேக் சீலும், டாப் கவர் என்ற எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங்கும், எதற்கும் இருக்கட்டும் என்று. இரண்டையும் எடுத்துப் போட்டுப் பில் அடித்திருக்கலாம். அவரோ, "எங்க ஒழுகுதுன்னு பார்த்தீங்களா? பார்த்துட்டு வாங்க, அப்புறம் சாமான் தர்றேன்" என்று சொல்லி, எஞ்சின் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் ஒரு சின்ன பாட்டிலும் புற ஊதா டார்ச் ஒன்றும் கொடுத்தார். ஏசி கேஸ் கசிவு பார்க்க விற்கும் சாயத்தை எஞ்சினில் ஊற்றிவிடக் கூடாது என்று எச்சரித்தும் அனுப்பினார். வியாபாரத்தை ஒத்திப்போட்ட வியாபாரி!

சாயத்தை ஊற்றி, மெரினா வரை ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த இரவு பார்க்கிங்கில் திருவிழாக் கூட்டம். விளக்குகளை அணைக்க ஒத்துக்கொண்ட செயலாளருக்கும், இருட்டில் வண்டி எடுக்க வந்து பொறுமையாகக் காத்திருந்த சி பிளாக் தம்பதிக்கும் நன்றி. ஐயா மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு டார்ச்சைக் கீழிருந்து மேலே மெதுவாக நகர்த்தினார். கியர்பாக்ஸ் மேல் பச்சை மஞ்சளாக ஒரு ஓடை, அதற்கு மேலே எஞ்சின் பிளாக்கில் மெல்லிய கோடு, அதற்கும் மேலே டாப் கவரின் கியர்பாக்ஸ் பக்கத்து மூலையில் ஒரு பொட்டு. அதற்கு மேல் எங்கேயும் ஒளி இல்லை. "நனைஞ்ச இடத்துல ரொம்ப மேல இருக்கறது எதுவோ அதான் மூலம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பேக்கிங் மாற்றியது தம்பிதான். பழையதை வளைத்தபோது வளையாமல் படக்கென்று ஒடிந்தது, சூட்டில் அவ்வளவு இறுகிப்போயிருந்தது. ஐயா அதோடு திருப்திப்படவில்லை. பழைய பேக்கிங்கைக் கழற்றும் முன்பே, எஞ்சினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளைமேல் ஒரு காகிதத்தை வைக்கச் சொல்லியிருந்தார். லேசாக உள்ளே இழுபட வேண்டிய காகிதம் மேலே எம்பியது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் ஆயிலைத் தள்ளுகிறது என்று ஐயா கணித்தார். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் சத்தமே இல்லை. நல்ல வால்வு கலகலவென்று ஆடும். அதை மாற்றாமல் பேக்கிங்கை மட்டும் போட்டிருந்தால் சீக்கிரமே இன்னொரு இடத்தில் ஒழுகியிருக்கும். கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அளவாக முறுக்க வேண்டும், பலத்தைக் காட்டினால் பேக்கிங் பிதுங்கிவிடும் என்று ஐயா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். தம்பியும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டான். கைதேர்ந்த இரண்டு பேரை ஒரே பானெட்டுக்கு முன்னால் நிற்கவைத்தால் சண்டை வரும் என்று பயந்திருந்தேன், வரவில்லை.

பேக்கிங்கும் வால்வும் சேர்த்து 1,000 ரூபாயைத் தாண்டவில்லை. தம்பி கேட்ட கூலி தனி, அதையும் குறைவாகத்தான் கேட்டான். ஐயா ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அவர் வீட்டு அம்மா மட்டும், "இனிமே டீசல் சட்டையோட வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அந்தச் சட்டைக்கு ஈடாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் அம்மா, மறுக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தரையில் இருக்கும் கறைமேல் மரத்தூள் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். புற ஊதா டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியும் பாதி மீதமுள்ள சாய பாட்டிலும் வாட்ச்மேன் அண்ணன் அறையில் இருக்கின்றன. யாருக்குத் தேவையோ எடுத்துக்கொள்ளலாம், அவருடைய நோட்டில் எழுதிவிட்டு எடுங்கள்.

நன்றியுடன்,
பி பிளாக், இரண்டாம் மாடி