மோர்கோன் போத்தலில் 'போஜோலே' எங்கே?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை ஒருவர் வைன் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "போஜோலே கேட்டேன், இதில் மோர்கோன் என்றல்லவா போட்டிருக்கிறது" என்றார். அவரில் பிழையில்லை, தரும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன்.

மோர்கோனும் போஜோலேதான். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கே நீளும் குன்றுகள்தான் போஜோலே. அதன் வடபாதியில் 10 இடங்களுக்கு மட்டும் 'க்ரூ', அதாவது சிறந்த வைன் விளையும் இடம், என்ற தகுதி உண்டு. அந்த இடங்களின் வைன்கள் பெரும்பாலும் இடப்பெயரோடேயே விற்பனைக்கு வரும். ஃப்ளரி, முலான்-ஆ-வான், ப்ரூய்யி எல்லாம் அப்படித்தான். மோர்கோனுக்கு 1936இலேயே சட்டப்படி அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. பத்தில் கடைசியாக 1988இல் சேர்ந்தது ரேஞ்ஞே.

பலருக்குப் போஜோலே என்றால் நவம்பர் மூன்றாம் வியாழன் வரும் 'நூவோ'தான். அறுவடை முடிந்து சில கிழமைகளில் போத்தலுக்குள் போய்விடும் இளம் வைன் அது. குடித்துவிட்டுச் சிரிக்கலாம், வைத்திருக்க முடியாது. க்ரூ இடங்களின் பெயரில் நூவோ செய்யச் சட்டமே விடாது. நூவோவுக்கும் மோர்கோனுக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்கு ஒரு காரணம் அதுதான்.

இரண்டிலும் முந்திரிகை ஒன்றே: கமே. இந்தக் கொடிக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. 1395இல், போஜோலேக்கு வடக்கே உள்ள பூர்கோன் பகுதியின் கோமகன் பிலிப், இது கெட்ட சாதிக் கொடி, வெட்டி எறியுங்கள் என்று கட்டளை போட்டார். நிறையக் காய்க்கிறது, வைனோ மட்டம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. பூர்கோனின் சுண்ணாம்பு மண்ணில் அது ஓரளவு உண்மையாகக்கூட இருக்கலாம். தெற்கே போஜோலேயின் கருங்கல் மண்ணில் அதே கொடி வேறு ஆளாகிவிட்டது.

மோர்கோனில் மண்ணே தனி. வில்லியே-மோர்கோன் ஊருக்குப் பக்கத்தில் கோட் து பி என்றொரு குன்று. அங்கே நீலச் சாம்பல் நிறப் பாறை உதிர்ந்து உதிர்ந்து மண்ணாகிக் கிடக்கிறது. ஊரவர்கள் அதை 'அழுகிய பாறை' என்பார்கள். அந்தச் சரிவில் விளைந்த வைன் மற்றப் போஜோலேக்களைவிடக் கனதி. முதல் இரண்டு வருடம் கறுத்த செர்ரிப் பழம் மாதிரி இருக்கும். ஐந்தாறு வருடம் போனால் செர்ரிச் சாராய வாசமும் ஈரமண் வாசமும் ஏறும். இந்த மாற்றத்துக்கென்றே அவர்கள் ஊர்ப்பெயரை வினைச்சொல்லாக்கி, "வைன் மோர்கோனாகிறது" என்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த நிலைதான், ஆனால் நம்மில் யாருக்கு ஐந்து வருடம் பொறுமை இருக்கிறது!

செய்முறையும் கொஞ்சம் வேறு. பழத்தை நசுக்காமல் குலை குலையாகவே தொட்டிக்குள் இறக்குவார்கள். அடியில் உள்ளவை பாரத்தில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கும். அதில் எழும் கரியமில வாயு தொட்டியை நிரப்ப, மேலே உள்ள பழங்கள் தோலுக்குள்ளேயே புளிக்கும். அதனால் பழவாசம் தூக்கலாகவும் துவர்ப்புக் குறைவாகவும் வரும்.

அந்தத் துவர்ப்புக் குறைவுதான் நம் சாப்பாட்டு மேசைக்கு உதவுவது. உறைப்போடு துவர்ப்புச் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும். கனமான போர்தோ சிவப்பு வைன் ஒன்றை ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்து நாக்கு எரிந்தவர்களுக்கு இது தெரியும். மோர்கோன் அப்படிச் சண்டைக்கு வராது. மிதமான உறைப்பில் வைத்த கோழிக்குழம்பு, மட்டன் ரோல்ஸ், வறுத்த கத்தரிக்காய் எல்லாவற்றோடும் போகும். நண்டுக்கறியை நம் அளவில் உறைப்பாக வைத்தால் மட்டும் எந்தச் சிவப்பு வைனும் வேண்டாம், குளிர்ந்த பியர் எடுங்கள். லியோன்காரர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், உருளைக்கிழங்கோடு சுடச்சுடச் சொசிசோன் எனும் பன்றியிறைச்சிச் சொசேஜ், வைனில் வேகவைத்த சேவல். தங்கள் நகரத்துக்கு ரோன், சோன், போஜோலே என்று மூன்று ஆறுகள் வருகின்றன என்பது அவர்களுடைய பகிடி.

இனி, திருப்பிக் கொண்டுவந்தவரின் இன்னொரு குறை: "புளிக்கிறது." விசாரித்ததில் போத்தல் குசினியில் அடுப்புக்கு மேல் தட்டில் இருந்திருக்கிறது. சூட்டில் எந்த வைனும் கெடும். மோர்கோனைப் பரிமாற 14 பாகை போதும். திறப்பதற்கு அரை மணிக்கு முன் பிரிஜ்ஜில் வையுங்கள். மிஞ்சினால் தக்கையால் மூடித் திரும்பவும் பிரிஜ்ஜுக்குள்ளேயே வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

அவருக்கு வேறு போத்தல் கொடுத்தாயிற்று. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் போத்தலோடு வாருங்கள். 18 வயதாகாத பிள்ளைகளை மட்டும் வாங்க அனுப்பாதீர்கள், கொடுக்க மாட்டோம்.