பியானோவில் எட்டாம் கிரேடு முடித்துவிட்டு ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கோயம்புத்தூர் சபையில் உன்னை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள், எதைப் பிராக்டிஸ் பண்ணட்டும் மிஸ் என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் இதே கேள்வியோடு இன்னும் சில பிள்ளைகள் வருவதால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிவிடுகிறேன்.

முதலில் மார்க் கணக்கைப் பார். நீ எழுதிய டிரினிட்டி பியானோ கிரேடு தேர்வில் 100 மார்க்கில், தயார் செய்து வாசிக்கிற மூன்று பீஸுக்கே (இசைத் துண்டுகளுக்கே) 66 போய்விடுகிறது, ஸ்கேல் முதலானவற்றுக்கு 14, சைட் ரீடிங்குக்கு, அதாவது முன்பின் பார்க்காத நோட்டேஷனைப் பார்த்ததும் வாசிப்பதற்கு, வெறும் 10. அதனால்தான் மாதக்கணக்கில் அந்த மூன்று பீஸையே தேய்த்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை, விரல் அப்படித்தான் பழகும். ஆனால் கோயிலில் எல்லாம் தலைகீழ். ஆயர் பிரசங்கத்தை முடித்த கையோடு, போர்டில் போட்ட பாட்டை விட்டுவிட்டு வேறு எண்ணைச் சொல்வார், நீ பக்கத்தைப் புரட்டுவதற்குள் முன்வரிசை எழுந்து நின்றுவிடும். அந்தப் பத்து மார்க்தான் அங்கே நூறு. ஆகவே தினமும் பாமாலையில் (மேற்கத்திய மெட்டில் பாடும் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்தில்) பார்க்காத ஒரு பாட்டை எடுத்து, தப்பு வந்தாலும் நிறுத்தாமல் கடைசி வரை போ. நின்று திருத்துகிற பழக்கத்தை நான்தான் உனக்குள் ஏற்றியிருக்கிறேன், இப்போது அதை நீயே இறக்கிவிட வேண்டும்.

அப்புறம், தேர்வில் உன்னோடு யாரும் பாடவில்லை. இங்கே ஒரு சபையே பாடும், அதுவும் இழுத்து இழுத்து. அவர்களுக்காக நீ காத்திருந்தால் அவர்கள் உனக்காகக் காத்திருப்பார்கள், நாலாவது சரணத்துக்குள் பாட்டு படுத்துவிடும். சத்தத்தைக் கூட்டினால் சரியாகும் என்று நினைக்காதே. ஆர்கன் ஸ்வரம் அழுத்தி வைத்திருக்கும் வரை நிற்கும், பியானோவில் அடித்த நொடியிலிருந்து தேய்ந்துகொண்டே போகும், அதனால் நீண்ட ஸ்வரங்களில் இடது கை பேஸை மறுபடி தட்டு. வரி முடிவில் கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னாடியே விட்டுக் கையைத் தூக்கு, சபை மூச்சு எடுக்க அந்த இடம் போதும், அடுத்த வரி நேரத்துக்குத் தொடங்கும். பெடலை மிதித்தே வைத்திருக்காதே, உயரமான கூரைக்கடியில் எல்லாம் கலங்கிவிடும்.

வார்த்தையையும் படித்துக்கொள். ஓல்ட் ஹண்ட்ரட்த் என்ற பழைய ஆராதனை மெட்டு 1551-இல், பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய ஜெனீவா புத்தகத்தில் வந்தது, பிரெஞ்சு வார்த்தைக்குப் போட்டது. இப்படி வந்த மெட்டுகளில் தமிழை வைத்துப் பாடும்போது குறில் போய் நீண்ட ஸ்வரத்தில் உட்காரும், நம் ஆட்கள் அதைத் தங்கள் வசதிக்கு வெட்டியோ நீட்டியோ பாடுவார்கள். நோட்டேஷனைக் காட்டி அவர்களோடு சண்டை போடாதே. எந்தச் சபையும் கேட்காது.

நம் ராகத்தில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைதான் உன்னை உண்மையில் சோதிக்கும். கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துத் தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டே இருந்தது, ஆனாலும் அவர் பாட்டுகள் ராகத்திலும் தாளத்திலும்தான் நடக்கின்றன. பாட்டின் தலைப்பில் ராகம் போட்டிருக்கும், அதைப் பார். சங்கராபரணம் என்றால் மேஜர் ஸ்கேல்தான், கார்ட் (ஒரே நேரத்தில் பல ஸ்வரம்) தாராளமாகப் போடு. மாயாமாளவகௌளை என்றால் கை அடக்கம் வேண்டும். சி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் நம் கை தானாகப் போகும் ஜி மேஜர் கார்டில் ஒரு டி இருக்கிறது, அந்த ராகத்தில் இருப்பதோ அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள டி ஃப்ளாட். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் பாடுகிற பாட்டிமார் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள். இடது கையில் ஸ-ப மட்டும் பிடித்து, வலது கையில் பாட்டை ஒற்றை வரியாக வாசி. கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைத்துப் பாடுவது) பியானோவில் வராது, அதைப் பாடுகிறவர்களிடமே விட்டுவிடு. புத்தகத்தில் போட்ட ராகத்தில்தான் சபை பாடுகிறது என்றும் நம்பிவிடாதே, பெரியவர்கள் யாரையாவது பாடச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடு.

காலை ஆராதனையில் குரல் திறந்திருக்காது, அதனால் சுருதியை ஒரு டோன் இறக்கு. கீபோர்டில் சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே என்பாய். சரி, பயன்படுத்து, ஆனால் அடுத்த பாட்டுக்கு முன் பூஜ்யத்துக்குக் கொண்டு வா, இல்லாவிட்டால் கிட்டார் தம்பி ஒரு சுருதியில், நீ ஒரு சுருதியில். கரண்ட் போகிற ஊரில் காலால் மிதிக்கிற பழைய ஆர்கனுக்கு இருந்த மரியாதை தனி. உங்கள் கோயில் மூலையில் ஒன்று கிடந்தால் விற்றுவிட வேண்டாம் என்று சொல்லி வை.

பணம் பற்றியும் கேட்டிருந்தாய், ஊழியம்தானே என்பார்கள். ஊழியம்தான். ஆனால் மைக் செட்காரருக்கும் பூ அலங்காரத்துக்கும் பில் கொடுக்கிற சபை உன் பஸ் செலவையாவது கொடுக்கலாம், கல்யாண வீட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டால் தொகையை முன்கூட்டியே பேசிக்கொள், வெட்கப்படாதே. பாட்டு எண்களை வெள்ளிக்கிழமை இரவுக்குள் வாங்கிவிடு. சனிக்கிழமை தருகிறேன் என்றால் மறுபடி கேள்.

அன்புடன்,
உன் மிஸ்