ஆறாவது நாளுக்கு முன்னால் வாருங்கள்

மதிப்பிற்குரிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களுக்கும் வார்டு மெம்பர்களுக்கும்,

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்குக் கோடியில், நம் ஊரில் இருக்கும் ஒரே தமிழ் மீடியம் அரசு எல்.பி. பள்ளியில், அதாவது நாலாம் வகுப்பு வரையுள்ள தொடக்கப் பள்ளியில், படித்தவள் நான். இப்போது என் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ.வின் கமிட்டியிலும் இருக்கிறேன். நான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் 38 பேர். என் மகள் வகுப்பில் 9 பேர். இந்த வருஷம் ஒண்ணில் சேர்ந்தது 6 பேர்தான்.

"பிள்ளைகளே பிறக்கறதில்லை, பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்து வரும்?" என்று போன கிராமசபையில் கேட்டார்கள். அதில் பாதி நிஜம். கேரளத்தில் 2014இல் 5 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் பிறந்தார்கள். 2023இல் அது 4 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மீதிப் பாதியைப் பார்க்க, காலை எட்டேகாலுக்கு வேப்பமரத்து முக்கில் வந்து நில்லுங்கள். இங்கிலீஷ் மீடியம் வேன் மூன்று வரும். ஒரு நாள் நின்று எண்ணினேன். எல்.கே.ஜி. முதல் நாலாம் வகுப்பு வரை 41 பேர். எல்லாரும் நம் வார்டுப் பிள்ளைகள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். போன ஜூனில் அவர்களில் சிலர் நம் பள்ளிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்தது என்ன தெரியுமா? ஒண்ணும் ரெண்டும் ஒரே அறையில். கரும்பலகைக்கு நடுவே மேலிருந்து கீழாக ஒரு சாக்பீஸ் கோடு. இடது பக்கம் 'அம்மா', 'ஆடு'. வலது பக்கம் கழித்தல் கணக்கு. ஒண்ணாம் வகுப்புப் பையனிடம் டீச்சர் கேட்ட கேள்விக்கு இந்தப் பக்கமிருந்து என் மகள் பதில் சொல்லிவிட்டாள். அந்தப் பையன் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னொரு பணியிடம் காலி. தினக்கூலி டீச்சரின் வேலை மார்ச்சோடு முடிந்துவிடும். மறுபடி இன்டர்வியூ வைத்து ஆள் எடுக்கும்போது ஜூன் கடைசி. தமிழ் மீடியம் என்பதால் ஆள் கிடைப்பதும் லேசில்லை.

வினையே, பள்ளி திறந்தும் டீச்சர் வராத இந்த மூன்று வாரத்தில்தான். ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர் என்று முடிவு செய்கிறார்கள். வகுப்புக்கு 15 பேர் இல்லையென்றால் பள்ளி 'அன்எகனாமிக்', அதாவது செலவுக்குக் கட்டுப்படியாகாத பள்ளி என்ற பட்டியலில் போய்விடும். டீச்சர் இல்லாத அந்த நாளில் பெற்றோர் எட்டிப் பார்க்கிறார்கள், பார்த்தவர்கள் டி.சி. வாங்குகிறார்கள், ஆறாவது நாள் கணக்கு குறைகிறது, குறைந்த கணக்கைக் காட்டியே அடுத்த வருஷமும் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. பிள்ளை குறைந்ததால் டீச்சர் இல்லையா, டீச்சர் இல்லாததால் பிள்ளை குறைந்ததா? தினமும் அந்தப் பள்ளி வாசலில் நிற்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவதுதான்.

சட்டத்தில் குறையில்லை. 5ஆம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று மொழிச் சிறுபான்மையினருக்காக அரசியலமைப்பில் 350ஏ பிரிவைச் சேர்த்தது 1956இல். கேரள மாநிலம் உருவானதும் அதே வருஷம்தான்.

இன்னொன்று. ஊரில் எந்தப் பள்ளி என்று முடிவாவது ஆறு வயதில் இல்லை, மூன்றரை வயதில். எல்.கே.ஜி. வேனில் ஏறிய பிள்ளை திரும்பி வருவதில்லை. கூட்டாளி, யூனிபார்ம், ரைம்ஸ் எல்லாம் அங்கே ஆகிவிடுகிறது. நம் பள்ளியில் ப்ரீ-பிரைமரி இல்லை. பின்கட்டு அறை ஒன்று பழைய பெஞ்சுகளோடு பூட்டிக் கிடக்கிறது. ஓடு மாற்றி, வெள்ளையடித்தால் போதும்.

எல்.பி. பள்ளி பஞ்சாயத்தின் பொறுப்பில் இருப்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். தினக்கூலி இன்டர்வியூவை மே மாதமே நடத்தச் சொல்லிக் கல்வி அலுவலகத்தில் நீங்கள் நேரில் போய்ப் பேச வேண்டும். பி.டி.ஏ. கடிதத்துக்கு இல்லாத பலம் உங்கள் வார்த்தைக்கு உண்டு. ப்ரீ-பிரைமரி அறைக்கும் ஒரு ஆயாவுக்கும் இந்த வருஷத் திட்ட நிதியில் இடம் ஒதுக்குங்கள். தோப்பு வேலைக்குக் காலை ஆறுக்கே கிளம்பும் அம்மாக்களுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட நேரமில்லை. ஒரு ஆட்டோ ஏற்பாடு செய்தாலே போதும்.

மே முதல் வாரம் நாங்கள் நாலைந்து அம்மாக்கள் வீடு வீடாகப் போகப் போகிறோம். போன வருஷமும் போனோம். எல்லா வாசலிலும் முதல் கேள்வி, "டீச்சர் வந்தாச்சுங்களா?" பதில் சொல்ல முடியாமல் திரும்பினோம். இந்தத் தடவை உங்களில் ஒருவர் எங்களோடு வாருங்கள். அந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா