அந்த ஐந்து சென்ட் தபால்தலையை ஏலம் கேட்காதே

கார்த்தி,

என் அறுபதாவது பிறந்தநாளுக்கு 1847ஆம் வருஷத்து அமெரிக்க ஐந்து சென்ட் தபால்தலை ஒன்றை ஏலத்தில் எடுக்கப் போகிறாயாமே. ரகசியமாக வைத்திருந்தாயாம், அப்பாவின் வாய் சும்மா இருக்குமா, லிங்கையே காட்டிவிட்டார். சந்தோஷம்தான், ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்காதே.

அமெரிக்க அரசு நாடு முழுவதற்கும் முதன்முதலாகத் தபால்தலை வெளியிட்டது 1847 ஜூலை 1 அன்று. 300 மைலுக்குள் போகும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஃபிராங்க்ளின் படம் போட்ட 5 சென்ட், அதைத் தாண்டினால் வாஷிங்டன் படம் போட்ட 10 சென்ட். பழசு என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. பயன்படுத்திய ஃபிராங்க்ளின் இன்றும் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். பயன்படுத்தாதது, அதுவும் பின்னால் அசல் பசையோடு இருந்தால், ஆயிரக்கணக்கில் போகும். தில்லுமுல்லு எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அந்தக் காலத்தில் நிறைய தபால் நிலையங்களில் முத்திரை குத்தாமல் பேனாவால் ஒரு கோடு இழுத்து விடுவார்கள், அந்த மையைக் கழுவி எடுத்துவிட்டு, சிலர் புதுப் பசையும் தடவி, பயன்படுத்தாதது என்று விற்பது ரொம்ப நாளாக நடக்கிற வேலை. நீ பார்த்த ஸ்டாம்பில் ஃபிராங்க்ளினின் கழுத்துக்குக் குறுக்கே காகிதம் வெளுத்துத் தெரிகிறது, அல்ட்ரா வயலெட் விளக்கில் வைத்தால் கோடு தெரியும் என்றே நினைக்கிறேன். போதாததற்கு வலது பக்கம் ஓரமே இல்லை. அப்போது பல்வரிசைத் துளை கிடையாது, கத்தரியால் வெட்டித்தான் ஒட்டினார்கள், அதனால் நாலு பக்கமும் ஓரம் முழுசாக இருந்தால் அதற்குத் தனி விலை.

போலி என்று சொல்லவில்லை. அசல்தான், கழுவின அசல். (1875இல் அரசே இதை மறுபடி செதுக்கி அச்சடித்தது, மறுவருஷம் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கண்காட்சிக்காக. அதில் அடியில் இருக்கும் அச்சகத்தாரின் பெயரெழுத்துகள் மங்கலாக இருக்கும், இதில் தெளிவாக இருக்கின்றன.) ஆனால் சான்றிதழ் இல்லாமல் "பயன்படுத்தாதது" என்று போட்டிருப்பவரிடம் அந்த விலை கொடுக்க மாட்டேன். தபால்தலையைப் பரிசோதித்துச் சொல்லும் நியூயார்க் ஃபிலாடெலிக் ஃபவுண்டேஷன் மாதிரி ஓர் இடத்தின் சான்றிதழ் இருந்தால் கழுவினது, பசை தடவினது, கிழிசலை ஒட்டினது எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ஸ்காட் கேட்லாக் என்கிற தபால்தலை விலைப் பட்டியலில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து ஏமாறாதே, அது குறையில்லாத ஸ்டாம்புக்குப் போட்ட விலை.

அப்புறம், ஏலத் தொகைக்கு மேல் வாங்குகிறவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுக்கும் கமிஷன். 1868இன் ஒரு சென்ட் இசட் கிரில் (காகிதத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் அழுத்திய ஒரு வகைத் தபால்தலை), உலகத்தில் இரண்டே இரண்டுதான் தெரியவந்திருக்கிறது, ஒன்று நியூயார்க் பொது நூலகத்துக்குச் சொந்தம், மற்றது 2024 ஜூனில் நியூயார்க்கில் சீகல் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்தது 37 லட்சம் டாலரில். 18 சதவீதக் கமிஷன் சேர்த்து வாங்கினவர் கொடுத்தது 43 லட்சத்து 66 ஆயிரம். நம் ஏலத்திலும் கணக்கு இதேதான், சைபர்தான் குறைவு. உன் பட்ஜெட் ஆயிரம் என்றால் எண்ணூற்றுச் சொச்சத்தோடு நிறுத்திக்கொள், தபால் செலவு வேறு இருக்கிறது.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், கடிதத்திலேயே ஒட்டியிருக்கும் 5 சென்ட். அப்போது பெரும்பாலும் உறை கிடையாது, கடிதத்தையே மடித்து வெளியே முகவரி எழுதி அனுப்புவார்கள், அதனால் உள்ளே என்ன எழுதினார்கள் என்பதும் சேர்ந்து கிடைக்கும், பாதி வியாபாரக் கணக்காகத்தான் இருக்கும், பரவாயில்லை. நியூயார்க்கின் சிவப்புக் கம்பிக்கட்ட (கட்டத்துக்குள் கம்பி மாதிரி கோடுகள் உள்ள) முத்திரை விழுந்திருந்தால் இன்னும் நல்லது. நீ நினைத்த பணத்தில் பாதி கூட ஆகாது.

அப்படி ஒன்றை ஏலம் கேட்கிறதாக இருந்தால் உட்கார்ந்து போட்டி போடாதே, உன் உச்சத் தொகையை முன்கூட்டியே ஏல நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துவிடு. அடுத்தவர் கேட்டதற்கு ஒரு படி மேலேதான் உன் பெயரில் கேட்பார்கள், முழுத் தொகையும் போய்விடாது. எழுதிக் கொடுப்பதற்கு முன் லாட் எண்ணை (ஏலப் பட்டியலில் அதற்குள்ள எண்) மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா