அப்பாருவுக்கு, இருப்புப்பாதையோரத்து நாயைப் பற்றி

ராலின்னாவுக்குக் கிழக்கே,
மேற்கு ஆஸ்திரேலியா.
கார்த்திகை மாதம்.

அன்புள்ள அப்பாருவுக்குப் பேரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கு நலம். நீங்களும் ஆத்தாவும் வீட்டில் அனைவரும் நலமென நம்புகிறேன்.

அக்கா தொலைபேசியில் சொன்ன செய்தியைக் கேட்டதிலிருந்து இரண்டு நாளாக வேலையில் மனம் ஒட்டவில்லை. தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டிப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து 11 ஆடுகளைக் கடித்துப் போட்டதையும், விடிந்ததும் நீங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து இது எந்த ஆட்டின் குட்டி என்று சொல்லிக்கொண்டே போனதையும் அவள் விவரித்தாள். காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் இதே கதைதான் என்றும், விவசாயிகள் செத்த ஆடுகளைத் தூக்கிக்கொண்டு போய் நிவாரணம் கேட்டுப் போராடினார்கள் என்றும் செய்தியில் படித்தேன். இனி நம் தோட்டத்தில் நாய் என்ற பேச்சே கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டதாகவும், அத்தை வீட்டிலிருந்து வந்த நாய்க்குட்டியைத் திருப்பி அனுப்பப் போவதாகவும் அக்கா சொன்னாள். தொலைபேசியில் நான் பேசினால் உங்கள் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை என்பதால், சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன். அக்கா படித்துக் காட்டுவாள். குட்டியை அனுப்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

நான் இருக்கும் இடத்தை நீங்கள் ஸ்டேஷன் என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் கிடையாது, டிக்கெட் கொடுக்கும் சன்னலும் கிடையாது. ஒற்றைப் பாதை, எதிர்வண்டிக்கு ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், பாதை பராமரிப்புக் குழுவுக்கு ஆறு தகர அறைகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். சுற்றிலும் நல்லர்பர் சமவெளி. கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் உயரச் செடிகள்தாம் இருக்கின்றன. நிழலுக்கு ஒதுங்க ஒரு வெள்வேல மரம்கூட இல்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை என்பதால் பெய்த மழை உள்ளே இறங்கிவிடுகிறது. ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. இங்கிருந்து கிழக்கே போனால் 478 கிலோமீட்டர் தூரம் பாதையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகிலேயே நீளமான நேர்ப்பாதை இதுதான். இரு முனைகளிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த பாதை 1917 அக்டோபரில் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஊத்துக்குளி ரயிலடியில் தண்டவாளம் பார்த்து வரும் கீமேனாக இருந்த உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். ஒரு சாணுக்குச் சற்று மேல் குறுகலான இந்தப் பாதையில்தான் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்டெய்னர்களை அடுக்கி, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சரக்கு வண்டிகளை ஓட்டுகிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது.

இந்த இடத்தில்தான் டஸ்டி இருக்கிறது. கெல்ப்பி என்ற ஆட்டு நாய் இனம். 1870களில் ஸ்காட்லாந்து ஆட்டு நாய்களின் வழியில் இந்த நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. செம்மண் நிறம், விறைத்த காது, நம் பட்டி நாயைவிடச் சிறிய உடல். முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருடைய நாய் அது. அவர் இளமையில் ஆட்டுப் பண்ணைகளில் மயிர் கத்தரித்தவர், அதிகம் பேசாதவர். உங்களுக்கும் அவருக்கும் மொழி தெரியாமலே ஒத்துப்போகும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

டஸ்டி வண்டி வருவதை முன்கூட்டியே அறிந்துவிடும் என்று குழுவில் சிலர் அதிசயம்போலச் சொல்வார்கள். நான் கவனித்துப் பார்த்ததில் அதில் மாயம் ஒன்றும் இல்லை. தொலைதூர நகரத்திலிருந்து வண்டிகளை நடத்துகிறவர்களின் குரல் ரேடியோவில் வந்ததும் அது எழுந்துவிடுகிறது. எழுந்து, பாதையிலிருந்து பத்தடி தள்ளி வெள்ளையடித்துப் போட்டிருக்கும் பழைய ஸ்லீப்பர் கட்டைக்குப் பின்னால் போய் உட்காருகிறது. நாங்கள் கருவிகளை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டைக்கு அப்பால் வந்து நிற்கும் வரை விட்டுவிட்டுக் குரைக்கும்; கடைசி ஆள் வந்து நின்றதும் நிறுத்திவிடும். எங்களை எண்ணுகிறது என்று நான் சொன்னால் பெரியவர் சிரிப்பார். வண்டி வருகிறதா என்று பார்த்து நிற்கும் காப்பு ஆளின் எச்சரிக்கை, கொடி, ரேடியோ என்று விதிப்படி உள்ளதெல்லாம் தனியே நடக்கத்தான் செய்கிறது, நாயை நம்பி யாரும் பாதையில் இறங்குவதில்லை. இருந்தாலும் அது குரைப்பதை நிறுத்தும் வரை எனக்கு மனம் அடங்காது.

அதன் உண்மையான வேலை ஆடுகளுடன். இந்தப் பக்கத்து ஆட்டுப் பண்ணை ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர், நெடுங்காலமாக இந்த நாட்டிலேயே பெரிய ஆட்டுப் பண்ணை என்று பெயர் பெற்றது. நம் 8 ஏக்கர் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தையும் கிளுவை வேலியையும் நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். வேலி எங்காவது அறுந்தால் மெரினோ ஆடுகள் பாதைக்கு வந்துவிடும். மழைக்குப் பின் ஜல்லி மேட்டிலிருந்து வழியும் தண்ணீருக்கு ஓரத்தில் முதலில் பசுமை தட்டுவதால் அங்கேதான் மேய நிற்கும். போன மாதம் ஒரு மாலையில் நாற்பதுக்கு மேற்பட்ட ஆடுகள் தண்டவாளத்தின் மறுபுறம் நின்றன. டஸ்டி ஓடிப்போய்த் தண்டவாளத்தின் முன் நின்றுவிட்டது. முன்னங்கால் ஜல்லியில், மூக்கு தண்டவாளத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில், உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் தாண்டவில்லை. பெரியவர் ரேடியோவில் பேசி, வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தார். அப்புறம்தான் பாய்ந்தது. ஒரு முறைகூடக் கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டி அரை வட்டமாக ஓடி, கண்ணாலேயே அத்தனை ஆடுகளையும் வேலிப் பக்கம் திருப்பிவிட்டது. பண்ணையில் ஆடுகளை லாரியில் ஏற்றும்போது வழியில் நெரிசலாகி நின்றுவிட்டால், இந்த நாய்கள் ஆடுகளின் முதுகின் மேலேயே ஏறி நடந்து போய் முன்னால் நிற்பதைத் தள்ளிவிடும். நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள் என்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்த நாட்டிலும் ஆட்டைக் கடிக்கும் நாய்க்குக் குறைவில்லை. டிங்கோ என்ற காட்டு நாய்களைத் தடுக்கத் தென்கிழக்கில் 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலியே போட்டிருக்கிறார்கள். வேலி இல்லாத இடங்களில் "பத்து எண்பது" என்று எண்ணால் அழைக்கும் நஞ்சை இறைச்சியில் வைத்துப் போடுகிறார்கள். இதே நஞ்சு இந்த மாநிலத்தின் தென்மேற்கில் சில செடிகளில் இயற்கையாகவே இருப்பதால், அங்கே பிறந்து வளர்ந்த காட்டு விலங்குகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டு. வெளியிலிருந்து வந்த நாய்க்கும் நரிக்கும் கிடையாது. மாற்று மருந்தும் இல்லை. அதனால் முகாமை விட்டு வெளியே போகும்போதெல்லாம் டஸ்டிக்கு வாய்க்கூடை கட்ட வேண்டும்.

ஒருநாள் அதைக் கட்ட மறந்தவன் நான். அதிகாலையில் பாதை பார்க்கப் போகும்போது அதுவும் கூட வந்தது. ஓர் இடத்தில் குனிந்து எதையோ விழுங்கியதைப் பார்த்தேன். காய்ந்த கங்காருத் தோலா, நஞ்சு வைத்த இறைச்சியா, தெரியாது. கால்நடை மருத்துவரிடம் போக வேண்டுமானால் கல்கூர்லி வரை 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெரியவர் என்னைத் திட்டவில்லை. அதன் வாயைத் திறந்து சலவைச் சோடாக் கட்டி ஒன்றைத் தொண்டையில் போட்டு வாந்தி எடுக்க வைத்துவிட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். இரவு வரை நானும் பக்கத்தில் இருந்தேன். கால் இழுக்கிறதா, கண் மிரள்கிறதா என்று பார்த்துப் பார்த்து நேரம் போனது. இருட்டிய பிறகு ரேடியோவில் குரல் வந்தது. டஸ்டி மடியிலிருந்து இறங்கி, உடம்பை உதறிக்கொண்டு, வெள்ளைக் கட்டைக்கு நடந்து போனது. மறுநாள் காலை என் அறைக் கதவில் புதிதாக ஓர் ஆணி அடித்து, அதில் வாய்க்கூடை மாட்டப்பட்டிருந்தது.

இந்த நாட்டு ரயில்காரர்களுக்கு நாய்மேல் பழைய பாசம் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் பாப் என்று ஒரு நாய் 1880களில் தொடங்கி 1895இல் சாகும் வரை இஞ்சின்களில் ஏறி ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது. தடுத்து நிறுத்தாதீர்கள், நான் ஓட்டுநர்களின் நாய் என்று எழுதிய அதன் கழுத்துப்பட்டையை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், பீட்டர்பரோ என்ற ஊரில் சிலையும் இருக்கிறது. என்னைக் கேட்டால் அது டிக்கெட் இல்லாமல் ஊர் சுற்றிய நாய். சிலை வைப்பதானால் டஸ்டிக்குத்தான் வைப்பேன்.

இனி நம் குட்டிக்கு வருகிறேன். டஸ்டி போன்ற நாய் நம் பட்டியைக் காக்குமா என்று பெரியவரிடம் கேட்டேன். காக்காது என்றார், இது ஆட்டை ஓட்டும் சாதி, காவலுக்கு வேறு சாதி. மரம்மா என்ற வெள்ளை நாயைத்தான் காவலுக்கு வைப்பார்களாம். வார்னம்பூல் என்ற கடற்கரை ஊரில் நரிகளிடமிருந்து பென்குயின் பறவைகளைக் காக்கவே 2006 முதல் அந்த நாய்களைத் தீவில் விட்டார்கள். சாதியைவிட வளர்ப்பு முக்கியம் என்று அவர் சொன்னதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். கண் திறந்த சில வாரங்களிலேயே குட்டியை ஆடுகளோடு விட்டுவிட வேண்டும். வீட்டு வாசலில் கட்டிப்போட்டுச் சோறு போட்டால் அது வீட்டைக் காக்குமே தவிரப் பட்டியைக் காக்காது. நம் கருப்பனைக் கட்டுத்தரையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால்தான் அன்றிரவு அது குரைத்ததோடு நின்றுபோனது. அதன்மேல் குற்றம் இல்லை.

ஆகவே குட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பட்டிக்குள் ஒரு மூலையில் சாக்கு விரித்து, இளம் ஆட்டுக்குட்டிகளோடு படுக்க விடுங்கள். விளையாட்டாகக் குட்டிகளின் காதைக் கடித்தால் அப்போதே அதட்டுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடக் கால்நடை மருந்தகத்துக்கு அக்கா எடுத்துப் போவாள். அதற்கும், பட்டியைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கவும் அப்பாவின் கணக்குக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். வலையின் அடிப்பாகத்தை ஒரு முழம் மண்ணுக்குள் புதைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தெருநாய்கள் தோண்டிக்கொண்டு வந்துவிடும்.

ரேடியோவில் குரல் வந்துவிட்டது. டஸ்டி கட்டைக்குப் போயிற்று. லூப்பில் நிற்கப்போகும் வண்டியின் ஓட்டுநரிடம் கொடுத்தால் இதைக் கல்கூர்லியில் தபாலில் சேர்த்துவிடுவார் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன். குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள்.

அன்புள்ள பேரன்