செம்பு பூசிய கம்பி

பட்டர்வொர்த்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாயிற்று என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். எனக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை.

நம் மலேசியாவில் அணுமின் பேச்சு மறுபடி கிளம்பியதைச் சொல்லி, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் எஃகுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டிருக்கிறாய். பிறை ஊரில் பாய்லர் வெல்டிங் பார்த்த நமக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். அணு உலையின் அழுத்தக் கலன், அதாவது எரிபொருளை உள்ளே வைத்திருக்கும் எஃகுப் பாத்திரம், வேறு மாதிரி. சுவர் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தடிமன். உள்ளே 290 டிகிரிக்கு மேல் கொதிக்காமல் நிற்கும் தண்ணீர். அது கிடக்கட்டும், எஃகு தாங்கும். எரிபொருளிலிருந்து பாயும் நியூட்ரான் என்கிற வேகத் துகள்கள்தான் வருடக்கணக்கில் மோதி மோதி அதன் அணுக்களை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்கு ஒரு கீறல்கூடத் தெரியாது. எஃகு இறுகிவிடும், வளைந்து கொடுக்கிற குணம் போய்விடும்.

இதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. துருப்பிடிக்கக் கூடாதென்று வெல்டிங் கம்பிக்குச் செம்பு பூசுவார்களே, பழைய கலன்கள் பலவற்றில் அந்தச் செம்பு வெல்டுக்குள் கலந்துவிட்டது. நியூட்ரான் படப்பட அது நுண்திரள்களாகச் சேர்ந்து எஃகை இன்னும் இறுக்குகிறது. துருவுக்குச் செய்த வைத்தியம் இப்படி ஆயிற்று!

வெட்டு போட்ட துண்டைச் சுத்தியலால் அடித்து முறிக்கும் சார்பி சோதனையில் நாம் பார்த்ததுதான், எஃகு குளிரில் படீரென்று முறியும். புதுக் கலனில் அந்த முறியும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலும், கதிர்பட்டு 100 டிகிரிக்கு மேலேகூட ஏறிவிடலாம். அதனால் இங்கே பயம் சூட்டைப் பற்றியது அல்ல, அழுத்தம் குறையாமல் கலன் திடீரென்று குளிர்வதைப் பற்றியது. 1978இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ செகோ உலையில் பல்பு மாற்றியவர் கையிலிருந்து அது நழுவி, கட்டுப்பாட்டுப் பலகைக்குள் விழுந்து ஷார்ட் ஆயிற்று. கருவிகள் தடுமாறி, ஒரு மணி நேரம் சொச்சத்தில் கலனின் தண்ணீர் 160 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிட்டது. கலன் புதுசு, தப்பித்தது.

இப்போதெல்லாம் அதே எஃகின் துண்டுகளைக் கலனுக்குள்ளேயே வைத்து, அவ்வப்போது எடுத்துச் சோதிக்கிறார்கள். ரஷ்யாவில் 1987இல் நோவோவோரோனெஷின் 3ஆம் உலைக் கலனை 400 டிகிரிக்கு மேல் சூடேற்றி, போன குணத்தில் பெரும்பகுதியை மீட்டார்கள். மூடியை மாற்றலாம், கலனை மாற்றுவது நடக்கிற காரியமில்லை.

சிலாங்கூரின் பாங்கி ஊரில் 1982 முதல் இருக்கும் ஆராய்ச்சி உலையை நினைத்துப் பயப்படாதே. அது திறந்த தொட்டி, அழுத்தக் கலனே கிடையாது. பெரிய உலை வாங்குவதானால், எரிபொருளுக்கு நேரே வெல்டு வருகிறதா, அதில் செம்பு எவ்வளவு என்றுதான் நான் முதலில் கேட்பேன். விலையெல்லாம் அப்புறம்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருவதானால் ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

இப்படிக்கு,
மணியம்