தம்பி வண்டிக்கு இப்போது ஸ்கிரீன் வேண்டாம்

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நலம். உங்கள் நலமும், அப்பத்தாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டதா என்பதும் அறிய ஆவல்.

அப்பா, உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கையெழுத்து தம்பியுடையது என்றாலும் சொல்லச் சொல்ல எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. "மேற்படி விஷயமாக" என்றெல்லாம் அவன் எழுத மாட்டான். போனில் பேசினால் உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, மீதியை மேலவீட்டு அத்தைதான் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சரிதான். முக்கியமானதை இனி எழுதியே அனுப்புகிறேன். ஒன்று மட்டும்: இந்தக் கடிதத்தைத் தம்பியை வாசிக்கச் சொல்ல வேண்டாம், செல்வி வாசிக்கட்டும். கடைசிப் பக்கத்தைக் கிழித்து அவனிடம் கொடுத்தால் போதும்.

முதலில் அம்மா கேட்டதற்குப் பதில். சாப்பாட்டுக்குக் குறையில்லை. காலையில் பரோட்டா மாதிரி ஒன்று, இங்கே பிராட்டா என்பார்கள், மீன்குழம்போடு தருவார்கள். ராத்திரி ரூமில் சமையல். அறந்தாங்கி அண்ணன் சாதமும் ரசமும் வைப்பார், மன்னார்குடிப் பையன் முட்டை பொரிப்பான். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை முதல் வாழைப்பூ வரை கிடைக்கிறது. விலையைக் கேட்டால் அம்மா கீரையைக் கீழே வைத்துவிடுவாள். நாங்களும் பெரும்பாலும் கீழேதான் வைக்கிறோம். இளைத்துப் போயிருக்கிறேன் என்று போட்டோவைப் பார்த்துச் சொன்னீர்களாம். அது ஒர்க்ஷாப் சட்டை, எனக்கு முன்னால் இருந்த ஆளின் அளவு.

இனி நீங்கள் கேட்ட விஷயம். தம்பியின் டிசையர் காரில் கம்பெனி ரேடியோ செட் சரியாகப் பாடவில்லை, அதைக் கழற்றிவிட்டு 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் வைக்க 18,000 ரூபாய் வேண்டும், வேளாங்கண்ணி டிரிப் வருகிற ஆட்கள் எல்லாரும் கேட்கிறார்கள் என்கிறான். "நீ அங்கே இதே தொழில்தானே பார்க்கிறாய், உன் அபிப்பிராயம் என்ன" என்று கேட்டிருந்தீர்கள். என் அபிப்பிராயம், வேண்டாம் என்பதுதான். காரணத்தைச் சொல்வதற்கு எங்கள் பக்கத்து வீட்டு அங்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நம்ம ஆள்தான், அவருடைய அப்பா காலத்திலேயே வந்தவர்கள். வாசலில் செருப்பு ஒரு விரல் கோணலாகக் கிடந்தாலும் கதவைத் தட்டிக் கூப்பிட்டு நேராக வைக்கச் சொல்வார். லிப்டில் யாராவது இரண்டு தடவை பட்டனை அழுத்தினால் அவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்துவார். அவரிடம் ஒரு ஜப்பான் கார், 2008இல் வாங்கியது. இந்த ஊரில் அது தாத்தா வண்டி. ஏனென்றால் இங்கே கார் வாங்கினால் மட்டும் போதாது, அதை வைத்திருக்கும் உரிமையைத் தனியாக ஏலத்தில் எடுக்க வேண்டும். சி.ஓ.இ. என்பார்கள், 1990இல் கொண்டுவந்தது. பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சின்ன காருக்கே அந்தக் காகிதம் 1,06,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, போனது. நம் கணக்கில் 60 லட்சத்துக்கு மேல், அப்பா. காருக்கு இல்லை, காகிதத்துக்கு. பத்து வருஷம் முடிந்தால் வண்டியை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அங்கிள் 2018இல் புதுப்பித்துவிட்டார், 2028 வரை ஓடும். பழைய வண்டி என்பதால் சாலை வரியும் கூடுதல். இவ்வளவையும் கட்டுகிற மனுஷன், உள்ளே இருக்கிற ரேடியோவுக்கு மட்டும் ஒரு வெள்ளிகூடச் செலவழிக்க மாட்டேன் என்பார்.

அவருடைய புகார் இதுதான்: ரேடியோவில் தமிழ் போய்விட்டது. மலாய் பாட்டு நன்றாக வருகிறது, தமிழ் ஸ்டேஷன் ஒலி 96.8 மட்டும் வரவில்லை, வேண்டுமென்றே யாரோ குறைத்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதோடு மேடு பள்ளத்தில் ஏறினால் சத்தம் நின்றுவிடும், வால்யூம் குமிழைத் திருப்பினால் கூடுவதற்குப் பதிலாகக் குறையும், பின்னால் ஸ்பீக்கர் கரகரக்கும்.

நான் வேலை பார்க்கிற கார் ரேடியோ கடை முதலாளி வண்டியைப் பார்த்தவுடனே புது ஸ்கிரீனைக் காட்டினார். அங்கிள் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். பொதுவாகச் செட்டுகள் 180 மில்லிமீட்டர் அகலம், டொயோட்டாவும் இன்னும் சில ஜப்பான் வண்டிகளும் 200 வைத்திருப்பார்கள். அங்கிள் வண்டியும் அந்த வகை. அதில் 180ஐப் பொருத்தினால் இரண்டு பக்கமும் சந்து விழும், பிளாஸ்டிக் பட்டை வைத்து மூட வேண்டும். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும், எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னிடம், சனிக்கிழமை கடை மூடிய பிறகு வேண்டுமானால் நீயே பார்த்துக்கொள் என்று மேஜையைக் கொடுத்தார்.

காக்கி புக்கிட்டில் எங்கள் கடை. சுற்றிலும் அடுக்கடுக்காக ஒர்க்ஷாப்புகள், மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் கார்கள் ஏறிவரும். அங்கிள் பிளாஸ்டிக் பையில் கோப்பியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, ஸ்டூலைப் போட்டு, நான் எந்த ஸ்குரூவை எங்கே வைக்கிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேலை செய்யும்போது பக்கத்தில் தமிழில் ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பதும் ஒரு சுகம்தான்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டேஷ்போர்டு பட்டையை எடுத்தேன். முதல் வியாதி பிளக் இருக்கும் இடத்திலேயே தெரிந்தது. செட்டுக்குள் பலகையில் பின்களைப் பற்றவைத்திருக்கிற ஈயத்தைச் சுற்றி மெல்லிய விரிசல், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். வருஷக்கணக்காக வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, ஓட்டத்தில் அதிர்ந்து வருவது. பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாக வைத்ததும் மேடு பள்ளத்தில் நிற்கிற கோளாறு தீர்ந்தது. குமிழுக்குள் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருப்பினால் சரி. பின் ஸ்பீக்கரில் ஓரத்தில் இருக்கிற பஞ்சு தொட்டவுடன் கையோடு பொடியாக வந்துவிட்டது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது தாங்காது. அதற்கு மட்டும் புதிதாக ஆறரை இன்ச் ஜோடி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்திருந்தால் கால் விலைக்கு முடித்திருப்பேன் என்று அங்கிள் புலம்பினார். அதை 2017இலேயே மூடிவிட்டார்கள். சிம் லிம் டவரில் வாங்கினோம்.

தமிழ் வராததற்குக் காரணம்தான் வேடிக்கை. ஜப்பானில் எப்.எம். 76இல் தொடங்கும், அந்தக் கால செட்டுகள் 90இலேயே நின்றுவிடும். நம் ஊரிலும் இங்கேயும் 108 வரை போகும். ஏஜென்ட் மூலமாக இல்லாமல் ஜப்பானிலிருந்து நேராக இறக்கிய வண்டி அது, அதனால் செட்டில் 96.8 என்ற இடமே கிடையாது. ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா ஒன்று வைத்திருப்பார்கள், பேண்ட் எக்ஸ்பாண்டர். அங்கிள் வண்டியில் இருந்தது எல்லா ஸ்டேஷனையும் பத்து குறைத்துத் தரும் வகை, 96.8ஐ 86.8இல் கேட்கலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் கேட்டிருக்கிறார், ஏனென்று அவருக்கே தெரியாது. அந்த டப்பாவின் எர்த் ஒயர் கழன்றுபோய், ஏரியல் நேராக ரேடியோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படிப் போனால் 90க்குக் கீழே இருப்பது மட்டும்தான் வரும். மலாய் ஸ்டேஷன் ரியா 89.7. கிடைத்துவிட்டது காரணம்! ஒயரைச் சுரண்டி, போல்ட்டில் முடுக்கினேன். தமிழை யாரும் குறைக்கவில்லை என்று சொன்னதும் அவர் முகத்தில் சின்ன ஏமாற்றம்.

பேட்டரியைக் கொடுத்து 86.8இல் வைத்தேன். வந்தது ஏதோ அரிசி விளம்பரம், அப்பா. பாட்டுகூட இல்லை. அங்கிள் கோப்பிப் பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கீழே போய்விட்டார். ஸ்பீக்கரைச் சோதிக்கிற சாக்கில் நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இங்கே மணி ஏழரை, அங்கே ஐந்து. நீங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு வரப்பில் வந்துகொண்டிருப்பீர்கள், அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பாள். இங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, ஆனால் சாயங்காலம் என்று ஒன்று இல்லை. வெளிச்சம் இருக்கும், பிறகு விளக்கு எரியும், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை அந்த வரப்பில் நடந்துவிட்டு வந்துவிடலாம் போலிருந்தது. பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், டிக்கெட் விலையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இந்தப் பத்தியைச் செல்வி வாசிக்க வேண்டாம்.

அங்கிள் பணம் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. பாஸில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில், இருக்கிற ஆள் கம்பெனிச் சம்பளம் தவிர வெளிக்காசு வாங்கினால் பாஸ் போய்விடும். மறுநாள் அவர் வீட்டம்மா ஒரு பாத்திரம் நிறைய நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பினார். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை.

ஆக, தம்பி வண்டிக்கு வருகிறேன். அவன் சொல்கிற நோவும் இதேதான், மேட்டில் நிற்கிறது, ஒரு பக்கம் பாடவில்லை. அது ஸ்கிரீன் கேட்கிற நோவு இல்லை. பஸ் ஸ்டாண்டு பின்னால் ரேடியோ கடை பாய் இன்னும் இருக்கிறார் அல்லவா, அவரிடம் செட்டைக் கழற்றிக் கொடுத்து ஈயம் வைக்கச் சொன்னால் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். டிசையரில் செட் டேஷ்போர்டின் வளைவோடு சேர்ந்தது, வேறு வைத்தால் பிரேம் தனி, ஸ்டியரிங் பட்டனுக்கு ஒயரிங் தனி என்று 18,000 என்பது 25,000 ஆகும். அதோடு அவன் இன்னும் வண்டிக்கே தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். டிரிப் வருகிறவர்கள் கேட்பது ஏ.சி.யும் நல்ல சீட்டும்தான். ஸ்கிரீனில் சினிமா பார்த்துக்கொண்டு ஓட்டுகிற டிரைவரை யார் நம்பி ஏறுவார்கள்?

பணம் இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மாதம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும், ஓவர்டைம் இப்போது எல்லா இடத்திலும் குறைவு, ரூம் வாடகையும் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிற அம்மாவின் சங்கிலியை இந்தத் தவணையில் மீட்க வேண்டாம், வட்டியைக் கட்டித் திருப்பி வையுங்கள். தை மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஏலத்துக்கு நோட்டீஸ் எதுவும் வந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

செல்வி விஷயத்தில் ஒரத்தநாட்டு மாமா கொண்டுவந்த இடத்துக்கு அவசரப்பட வேண்டாம். பையன் சிங்கப்பூரில் வேலை என்கிறார்கள், கம்பெனிப் பெயரையும் எந்த பாஸ் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நான் இங்கே விசாரித்துவிடுகிறேன். அவள் படிப்பு முடியட்டும். கிழக்குக் கொல்லை எல்லைக்கல் விஷயமாகச் சித்தப்பாவிடம் நீங்கள் நேரில் பேச வேண்டாம், சர்வேயர் வருகிற அன்று பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பத்தாவுக்குத் தைலம் ஊருக்கு வருகிற அறந்தாங்கி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

(தம்பிக்கு, இந்தப் பக்கம் மட்டும்)

டேய், கோபப்படாதே. முதலில் பாயிடம் பிளக் பின்களைப் பார்க்கச் சொல். பாடாத பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்று, மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது, செட்டைக் குறை சொல்லாதே. போனில் பாட்டு வேண்டுமென்றால் முன்னால் இருக்கிற ஆக்ஸ் ஓட்டையில் செருகுகிற புளூடூத் குச்சி போதும், சில நூறு ரூபாய்தான். எப்.எம். வழியாக அனுப்புகிற டப்பாவை வாங்காதே, தஞ்சாவூர் தாண்டினால் இரைச்சல்தான்.

என்றைக்காவது புது செட் வைத்தால் ஒயர் நிறத்தை நம்பாதே. வெளிச் செட்டில் மஞ்சள்தான் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். ஆனால் டொயோட்டா ஒயரிங்கில் மஞ்சளும் கறுப்பும் பின் ஸ்பீக்கருக்குப் போவது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி நேராகப் பேட்டரி லைனில் கொடுக்க விடாதே, வண்டி நிற்கும்போதும் செட் கரண்ட் குடிக்கும், விடிகாலை டிரிப்புக்கு ஸ்டார்ட் ஆகாது. பெட்டியில் 4 x 60 வாட் என்று போட்டிருப்பதையும் நம்பாதே, உள்ளே இருக்கிற ஆம்பிளிபயர் தொடர்ந்து தருவது அதில் பாதிகூட வராது.

பியூஸ் போனால் பழையதில் என்ன எண்ணோ அதே எண் போடு. அலுமினியத் தாளைச் சுற்றி வைத்திருந்தாயே, அதை இன்றைக்கே எடு. அப்பாவைச் சங்கத்துக்கு நீதான் கூட்டிப் போக வேண்டும், ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.